துணியா, கிறீமா, மருந்தா? கிழக்குக் கரை வெயிலில் தோல் முதுமையைத் தடுக்கும் வழிகள்: ஓர் ஒப்பீடு

மட்டக்களப்பு நகரத்துப் பாமசி ஒன்றில் வெயிலுக்குப் பூசும் கிறீம் கேட்டால், பெரிய எண்கள் அச்சிட்ட நான்கைந்து குழாய்களை எடுத்து மேசையில் வைப்பார்கள். சந்தைக்குப் போனால் அகன்ற விளிம்புத் தொப்பியும் முழுக்கைச் சட்டையும் கிடைக்கும். தோல் வைத்தியரிடம் போனால், ஏற்கெனவே விழுந்துவிட்ட சுருக்கத்துக்கும் கருமைக்கும் இரவில் பூசுவதற்கென ஒரு மருந்து எழுதித் தரக்கூடும். கையிலிருக்கும் பணத்தை இவற்றுள் எதற்கு முதலில் செலவிடுவது என்பதை, புறஊதாக் கதிர் தோலின் கலங்களுக்குள் எந்த இடத்தில் எவ்வளவு வேகமாகச் சேதம் செய்கிறது என்பதைக் கொண்டு தீர்மானிப்பதே சரியானது. அந்த வகையில், வெளியில் நின்று தொழில் செய்யும் கிழக்கு மாகாணத்தவருக்குத் துணியும் நிழலும் முதலாவது, கிறீம் அடுத்தது, மருந்து கடைசி என்பது என் முடிவு.

முதலில் இந்த ஊர் வெயிலைப் பார்ப்போம். மட்டக்களப்பு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 7.7 பாகையில் இருப்பதால், ஏப்ரல் முற்பகுதியில் ஒருமுறையும், ஓகஸ்ட் முடிந்து செப்டெம்பர் தொடங்கும் நாட்களில் மறுமுறையும் சூரியன் நண்பகலில் உச்சந்தலைக்கு நேரே வந்து நிற்கிறது. சித்திரைப் புத்தாண்டுக்கு உடுப்பு வாங்கக் கடைத்தெருவில் அலைகின்ற அதே நாட்கள்தாம் முதலாவது உச்சம். உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் வேளையில் புறஊதா பலமாக இருக்கிறது என்பது எளிய அளவுகோல். ஏப்ரலில் அந்த வேளை காலை ஒன்பது மணியளவில் தொடங்கிப் பிற்பகல் மூன்று மணிவரை நீள்கிறது. மாரிமழைக் காலமாகிய டிசம்பரில்கூட, வானம் வெளித்த நாளில், பத்து மணி முதல் இரண்டு மணிவரை அதே நிலைதான். உலக சுகாதார நிறுவனத்தின் புறஊதாச் சுட்டெண் 3 ஐத் தொட்டாலே பாதுகாப்புத் தேவை என்றும், 11 உம் அதற்கு மேலும் அதியுச்சம் என்றும் வகுத்திருக்கிறார்கள். முகிலற்ற நண்பகலில் நம் கரையோரத்தில் அந்த உச்ச எல்லையைத் தாண்டுவது புதினமல்ல.

இங்கே பலரும் வெப்பத்தைக் கொண்டே வெயிலை அளக்கிறார்கள். கச்சான் காற்று அனலாக வீசும் நாளில் வீட்டுக்குள் ஒதுங்குகிறவர்கள், கடற்காற்றுச் சில்லென்று அடிக்கும் கல்லடிக் கரையில் மணிக்கணக்காக நிற்பார்கள். புறஊதாக் கதிரைத் தோல் சூடாக உணர்வதில்லை. மெல்லிய முகில் மூடியிருந்தாலும் அதில் எண்பது சதவீதத்துக்கு மேல் கீழே இறங்கிவிடக்கூடும். காய்ந்த கடல்மணல் ஏறத்தாழ 15 சதவீதத்தையும் அலை நுரை ஏறத்தாழ 25 சதவீதத்தையும் திருப்பி எறிவதால், கரைவலை இழுப்பவரின் தாடைக்கும் மூக்கின் அடிப்பகுதிக்கும் கீழிருந்தும் வெயில் வருகிறது.

தரைக்கு வந்து சேரும் புறஊதாவில் ஏறத்தாழ 95 சதவீதம் யூ.வி.ஏ. என்னும் நீண்ட அலைக் கதிர், எஞ்சியது யூ.வி.பி. என்னும் குறுகிய அலைக் கதிர். அளவிற் சிறியதாகிய யூ.வி.பி.யே சக்தி மிகுந்தது. அது பெரும்பாலும் மேற்றோலிலேயே உறிஞ்சப்பட்டு, அங்குள்ள கலங்களின் டி.என்.ஏ.யை நேரடியாகத் தாக்குகிறது. டி.என்.ஏ. ஏணியின் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு தைமின்கள் (டி.என்.ஏ.யின் நான்கு எழுத்துகளில் ஒன்று) எதிர்ப்பக்கத் துணையை விட்டு ஒன்றோடொன்று பிணைந்துகொள்கின்றன. இவ்விதப் பிணைப்பு உண்டான இடத்தில் மரபுச் செய்தியை வாசிக்கும் நொதியம் தடுக்கி நிற்கிறது. கலத்திடம் இதற்குப் பழுதுபார்க்கும் ஏற்பாடு உண்டு. கெட்ட துண்டை வெட்டியெடுத்துவிட்டு, எதிர்ப்பக்கத்தைப் பார்த்துப் புதிதாக எழுதிச் சேர்க்கும் இந்த முறையை விளக்கியமைக்காகவே அசீஸ் சன்ஜார் 2015 ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். பழுது அளவுக்கு மீறினால் பி53 என்னும் புரதம் அந்தக் கலத்தைச் சாகும்படி கட்டளையிடுகிறது. வெயில் சுட்டுத் தோல் உரிவதன் உட்பொருள் இதுதான். மேற்றோல் ஏறக்குறைய ஒரு மாதத்தில் தன்னைப் புதுப்பித்துக்கொள்வதால், அங்கு நேரும் இழப்பிற் பெரும்பகுதி உரிந்து போய்விடுகிறது.

முதுமையின் கதை அதற்குக் கீழே நடக்கிறது. யூ.வி.ஏ. மேற்றோலைக் கடந்து உட்தோலுக்குள் இறங்கி, அங்கு ஒட்சிசனைத் தாக்குத்திறன் மிக்க வடிவங்களாக மாற்றிவிடுகிறது. அவை டி.என்.ஏ.யின் இன்னோர் எழுத்தாகிய குவானினை ஒட்சியேற்றுகின்றன; கலத்தின் மின்நிலையமாகிய இழைமணியின் சொந்த டி.என்.ஏ.யில் 4,977 எழுத்துகள் நீளமான ஒரு துண்டு தொலைந்துபோவதற்கும் வழிசெய்கின்றன. அதைவிட விரைவாக விளைவது நொதியங்களின் எழுச்சி. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கேரி பிஷர், ஜோன் வூர்ஹீஸ் ஆகியோரின் குழு 1996 இல் வெளியிட்ட ஆய்வு, தோல் சிவப்பதற்குத் தேவையான அளவைவிட மிகக் குறைந்த புறஊதாவே, தோலுக்கு உறுதி தரும் புரத நாராகிய கொலாஜினை வெட்டும் நொதியங்களைத் தூண்டிவிடப் போதும் என்று மனிதத் தோலிலேயே காட்டியது. இந்த ஒப்பீட்டுக்கு அடிப்படையாக நான் எடுத்துக்கொள்ளும் செய்தியும் அதுதான்: எரிவு, சிவப்பு, உரிவு எதுவும் இல்லாத சாதாரண ஒரு நாளிலும் வெட்டு நடந்துகொண்டிருக்கிறது.

கொலாஜின் நார்களை இழுத்துப் பிடித்தபடி இருக்கும் நார்க்கலங்கள் அந்த இழுவிசையை உணர்ந்தே புதிய கொலாஜினைச் சுரக்கின்றன. நார்கள் அறுபடும்போது, கண்ணிகள் அறுந்த வலை தொய்வதைப் போல அந்தப் பிடிப்புத் தளர்கிறது. தொய்ந்த நார்க்கலம் சுருங்கி, கொலாஜின் ஆக்கத்தைக் குறைத்து, வெட்டும் நொதியங்களை மேலும் அதிகமாகச் சுரக்கிறது. இவ்வாறு பழைய வெயில் புதிய சேதத்துக்கு வழிவிடுகிறது. தோலின் கொலாஜின் மூலக்கூறுகளிற் பாதி மாறுவதற்கே ஏறத்தாழ 15 ஆண்டுகள் எடுப்பதால், உட்தோலில் நேர்ந்த பிழை மேற்றோலில் நேர்ந்ததைப் போல உரிந்து கழிவதில்லை. இதற்கிடையில் மீள்சக்தி தரவேண்டிய எலாஸ்டின் நார்கள் சீரற்ற திரள்களாகக் குவிந்து, பிடரியில் தடித்த, மஞ்சள் பாரித்த, கட்டம் கட்டமான வரிகளாக வெளித்தெரிகின்றன. நீண்டகாலம் கடலுக்குப் போன ஒருவரின் பிடரியையும், அவருடைய மேற்கையின் உட்புறத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரண்டும் ஒரே வயதுத் தோல் என்று நம்புவது கடினம். உட்புறத்தில் இருப்பது ஆண்டுகளின் முதுமை. பிடரியில் அதற்கு மேலாக ஏறியிருப்பது வெயிலின் முதுமை.

“நாங்கள் கறுப்பர், எங்களுக்கு வெயில் ஏறாது” என்ற பேச்சில் ஓரளவு உண்மை உண்டு. 1979 இல் வெளியான ஓர் அளவீட்டின்படி, ஆபிரிக்க வம்சாவளியினரின் மேற்றோல் யூ.வி.பி.யில் 7.4 சதவீதத்தையே உள்ளே விட்டது. வெள்ளையரின் மேற்றோல் 24 சதவீதத்தை விட்டது. ஆனால் யூ.வி.ஏ.யில் அந்தக் கரிய தோலும் 17.5 சதவீதத்தை விட்டுவிட்டது. நமது நிறங்கள் இந்த இரண்டு எல்லைகளுக்கும் இடையில் பரந்து கிடக்கின்றன. ஆகவே நம்மவரிடம் சுருக்கம் பிந்தித்தான் வருகிறது. கன்னத்திலும் நெற்றியிலும் படரும் கருமை, மங்கு, நிறச் சமனின்மை ஆகியவை முந்திக்கொள்கின்றன. தோலுக்கு நிறம் தரும் மெலனின் முழுக்க முழுக்கக் காவலனுமல்ல. யேல் பல்கலைக்கழகத்தின் டக்ளஸ் பிராஷ் குழு 2015 இல் காட்டியபடி, யூ.வி.ஏ. பட்ட மெலனின், நிழலுக்குள் வந்த பின்னரும் மூன்று மணித்தியாலங்களுக்கு மேலாக டி.என்.ஏ.யில் புதிய பிணைப்புகளை உண்டாக்கக்கூடியது.

இனி வழிகளுக்கு வருவோம்.

நேரத்தை மாற்றுவது செலவற்றது, பலன் மிக உயர்ந்தது. இயலுமானவர்களுக்கு அதைவிட நல்ல வழி கிடையாது. நெல் காயப்போடுவதையும் வரம்பு வெட்டுவதையும் ஒன்பது மணிக்கு முன்னும் மூன்று மணிக்குப் பின்னும் ஒதுக்கக்கூடிய விவசாயி படுவான்கரையில் இருக்கலாம். வெட்டு இயந்திரத்தை வாடகைக்குப் பிடித்து, அது வரும் நேரத்துக்கு வயலில் நிற்கவேண்டியவருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. நிழல் புறஊதாவைப் பாதிக்கு மேல் குறைக்கக்கூடியது. எனினும் திறந்த கடற்கரையில் ஒற்றைத் தென்னையின் நிழல் வேறு, அடர்ந்த மாமரத்தின் நிழல் வேறு. பக்கங்களில் வானம் எவ்வளவு தெரிகிறதோ அவ்வளவுக்குச் சிதறிய புறஊதா உள்ளே வரும். குடையின் கதையும் அதுவே: கறுப்புக் குடை தன்மீது நேரே விழும் புறஊதாவில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் மறித்தாலும், மணலிலிருந்து மேலெழுவதை அது தடுக்காது.

துணியை நான் முதலிடத்தில் வைப்பதற்குக் காரணம், அது யூ.வி.ஏ., யூ.வி.பி. இரண்டையும் சேர்த்தே மறிக்கிறது, வியர்வையில் வழிந்துபோவதில்லை, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டியதில்லை, ஆண்டுக்கணக்காக உழைக்கிறது என்பதாகும். துணிகளின் காப்பு ஒன்றல்ல என்பதைக் கவனிக்கவேண்டும். துணியின் காப்பெண் 5 என்றால் புறஊதாவில் ஐந்தில் ஒரு பங்கு உள்ளே வரும் என்று பொருள்; மெல்லிய வெள்ளைப் பருத்தி ரீசேட்டின் காப்பெண் சுமார் 5 முதல் 7 வரைதான். நனைந்து உடம்போடு ஒட்டிவிட்டால் அதுவும் ஏறக்குறைய பாதியாகிவிடும். டெனிம் போன்ற நெருக்கமான நெசவோ, 50 க்கு மேற்பட்ட காப்பெண் குறித்த நீச்சல் உடுப்போ ஐம்பதில் ஒரு பங்குக்கு மேல் உள்ளே விடுவதில்லை. அறுகம்பையில் அலையேறும் இளைஞர்கள் அணியும் ஒட்டுச்சட்டை இந்தவகையைச் சேர்ந்தது. அவர்களைப் பார்த்து இப்போது உள்ளூர் மீனவர்களும் அதைப் போட்டுக்கொண்டால் நான் மகிழ்வேன். வாங்கும் முன் துணியை வெளிச்சத்துக்கு எதிரே விரித்துப் பிடியுங்கள். இழைகளுக்கு நடுவே ஊசிமுனை ஊசிமுனையாக வெளிச்சம் தெரிந்தால் புறஊதாவும் அவ்வழியே வரும். மருதமுனைக் கைத்தறியிலும் நெருங்கிய நெசவுச் சாரம் இந்தச் சோதனையில் தேறும், தளர்ந்த நெசவுச் சால்வை தேறாது. கடும் நிறம், மென்நிறத்தைவிட அதிகமாக உறிஞ்சும். வெக்கை கூடும் என்பது அதன் விலை.

தலைக்குச் சாரத்துண்டைச் சுற்றுவது உச்சியைக் காக்கும், மூக்கையும் கன்னத்தையும் காக்காது. முன்விளிம்பு மட்டுமுள்ள தொப்பி காதையும் பிடரியையும் விட்டுவிடும். சுற்றிவர மூன்று அங்குல விளிம்புடையதே முகத்துக்கும் பிடரிக்கும் உரியது. பனையோலைத் தொப்பியாயின் பின்னல் நெருக்கமாக இருக்கவேண்டும். மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் தலைக்கவசத்தோடு இந்த வேலை முடிந்தது என்று எண்ணிக்கொள்கிறார்கள். கைப்பிடியில் நீட்டியிருக்கும் புறங்கை இரண்டுமே நேரே வானத்தைப் பார்த்தபடி இருக்கின்றன. நம் ஊரில் பெண்கள் பலரின் முகத்தைவிடப் புறங்கை மூத்துத் தெரிவது இதனாற்றான். மெல்லிய கையுறை ஒன்று அங்கே எந்தக் கிறீமையும் வெல்லும்.

கிறீமின் இடம், துணியால் மூடமுடியாத தோல். அதன் பலனுக்கு நல்ல சான்று உண்டு. அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திலுள்ள நம்பூர் என்ற ஊரில் 55 வயதுக்குட்பட்ட 903 பேரை நான்கரை ஆண்டுகள் தொடர்ந்து, 2013 இல் முடிவு வெளியிட்டார்கள். நாளாந்தம் கிறீம் பூசும்படி பணிக்கப்பட்டவர்களின் தோல் முதுமை, தம் விருப்பம்போல் பூசியவர்களைவிட 24 சதவீதம் குறைவாக இருந்தது. அவர்களுக்குக் கொடுத்தது 15 என்ற எஸ்.பி.எவ். காப்பெண்ணுடைய கிறீம்தான். கலந்துகொண்டோரிற் பெரும்பாலோர் வெண்தோலினர் என்பதால், அந்த எண்ணிக்கையை அப்படியே நம் தோலுக்கு எடுத்துவர நான் தயங்குகிறேன். நாள்தோறும் பூசுவதே பலன் தருகிறது என்ற படிப்பினை மட்டும் நமக்கும் பொருந்தும். அதே ஆய்வில் பீற்றா கரோட்டின் மாத்திரை தோல் முதுமையில் எந்த மாற்றத்தையும் ஏற்படுத்தவில்லை. ‘உள்ளிருந்து இளமை’ என்று விற்கும் வில்லைகளுக்குப் பணம் கட்டுவதற்குமுன் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

குழாயின் முகப்பில் பெரிதாக எழுதியிருக்கும் எஸ்.பி.எவ். எண், தோல் சிவப்பதை எவ்வளவு தள்ளிப்போடும் என்பதையே சொல்கிறது. அது பெரும்பாலும் யூ.வி.பி.யின் அளவு. 15 எண்ணுடையது யூ.வி.பி.யில் 93 சதவீதத்தையும், 30 உடையது 97 ஐயும், 50 உடையது 98 ஐயும் தடுக்கிறது. 30 இலிருந்து 50 க்குப் போகக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் ஒரு சதவீதத்துக்கே. உட்தோலின் கொலாஜினைப் பற்றி அக்கறைப்படுகிறவர் பார்க்கவேண்டியது அந்தப் பெரிய எண்ணின் பக்கத்தில் ‘பி.ஏ.’ என்றெழுதி இடப்படும் கூட்டற்குறிகளை. அவை யூ.வி.ஏ. காப்பின் அளவு, நான்கு குறி உச்சம். இரண்டு குறியுடைய 50 ஐவிட நான்கு குறியுடைய 30 ஐ நான் தெரிவுசெய்வேன். மங்கு உள்ளவர்களுக்குக் கட்புலனாகும் ஒளியும் கருமையைத் தூண்டுவதால், இரும்பொட்சைட்டுச் சேர்ந்த, தோல் நிறமிட்ட கிறீம் வேண்டும். நிறமற்ற கிறீம் அந்த ஒளியைத் தடுப்பதில்லை. நாகவொட்சைட்டு உள்ள கிறீம் கரிய தோலில் சாம்பல் பூத்ததுபோலத் தெரியும் என்ற மனக்குறைக்கும் நிறமிட்டதே தீர்வு. பாசிக்குடாவில் குளிக்கப் போகிறவர்கள், புறஊதாவை உறிஞ்சும் இரசாயனமாகிய ஒக்சிபென்சோன் இல்லாததைத் தெரிவுசெய்வது முருகைக் கல்லுக்கும் நல்லது. ஹவாய் அந்தச் சேர்மானமுள்ள கிறீம்களின் விற்பனையை 2021 முதல் தடைசெய்திருக்கிறது.

கிறீமின் பெரிய பலவீனம் அளவு. ஆய்வுக்கூடத்தில் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 2 மில்லிகிராம் தடவியே காப்பெண்ணைக் கணிக்கிறார்கள். மனிதர்கள் வழமையாகப் பூசுவது அதன் பாதிக்கும் குறைவு. சுட்டுவிரல், நடுவிரல் இரண்டின் முழு நீளத்துக்கும் பிதுக்கியெடுத்த அளவு முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டும். அந்தக் கணக்கில் 50 கிராம் குழாயை நாளுக்கு இரண்டுமுறை பூசினால் மூன்று வாரத்தில் முடிந்துவிடும். உடம்பு முழுதுக்கும் பூசுவதென்றால் ஒருமுறைக்கே 30 மில்லிலீற்றர் அளவு தேவை. கடற்றொழிலாளியோ கூலிவேலைக்காரரோ கட்டக்கூடிய செலவா இது? துணி முதலாவது என்று நான் சொல்வதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

மூன்றாவது வழியாகிய ட்ரெற்றினொயின், விட்டமின் ஏ.யின் வழிவந்த இரவு மருந்து. நொதியங்களின் எழுச்சியை அடக்குவதோடு, நார்க்கலங்களைத் திரும்பவும் கொலாஜின் ஆக்கத் தூண்டுவதாக மனிதத் தோலில் நிரூபிக்கப்பட்டது. வெயிலால் வந்த நுண்சுருக்கத்துக்கு 1995 இல் அமெரிக்க மருந்து நிருவாகம் அனுமதி வழங்கியது. பலன் தெரிய மாதங்கள் பிடிக்கும். தொடக்கத்தில் உரிவும் எரிவும் வரும். கரிய தோலில் அந்த எரிவே கரும்படையை விட்டுச்செல்லக்கூடும். கர்ப்பிணிகளுக்கும் கருத்தரிக்கத் திட்டமிடுவோருக்கும் இது கூடாது. பகலில் வெயிலைத் தடுக்காமல் இரவில் இதைப் பூசுவது, ஓட்டைத் தோணியில் நீர் இறைக்கும் வேலை. ஆகவே துணிக்கும் கிறீமுக்கும் பழகிய பின்னரே, அதுவும் தோல் வைத்தியரின் கண்காணிப்பில் மட்டும், இதற்குப் போகலாம்.

வீட்டு மருந்துகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். தேங்காயெண்ணெய் வறட்சிக்கு நல்லது, வெயிலுக்குக் காப்பாகாது. தேசிக்காய்ச் சாற்றை முகத்தில் தடவிக்கொண்டு வெயிலுக்குள் போனால், அதிலுள்ள சேர்மம் யூ.வி.ஏ.யோடு வினைப்பட்டுக் கொப்புளமும் கரும்படையும் உண்டாகும். இவற்றைவிடக் கொடியவை பெயர் தெரியாத வெள்ளையாக்கும் கிறீம்கள். பாதரசம் கலந்தவை சிறுநீரகத்தைக் கெடுக்கின்றன. ஸ்டீரொயிட் கலந்தவை கொலாஜின் ஆக்கத்தைக் குறைத்துத் தோலை மெலியச் செய்கின்றன. வெயில் பத்தாண்டில் செய்வதை இவை சில மாதங்களில் செய்யக்கூடியவை என்பதால், இந்த ஒப்பீட்டில் அவற்றுக்கு இடமே கொடுக்கவில்லை.

ஆளுக்கேற்ப முடிவு மாறும். அக்கரைப்பற்றிலிருந்து மட்டக்களப்புக்குக் காலையில் வாகனம் ஓட்டிவந்து பிற்பகலில் திரும்பும் சாரதியை எடுத்துக்கொள்ளுங்கள். வடக்கு நோக்கி வரும்போது கிழக்கு வெயில் அவருடைய வலப்பக்கத்தில். தெற்கு நோக்கித் திரும்பும்போது மேற்கு வெயிலும் வலப்பக்கத்திலேயே. இங்கே சாரதி ஆசனம் வலப்புறம் இருப்பதால் இரண்டு பயணத்திலும் அதே கையும் கன்னமும்தான் கதவோரத்தில் வேகின்றன. பக்கக் கண்ணாடி யூ.வி.பி.யை மறித்தாலும் யூ.வி.ஏ.யிற் பெரும்பகுதியை விட்டுவிடும். அமெரிக்காவில் 28 ஆண்டுகள் பாரவூர்தி ஓட்டிய 69 வயதானவரின் முகத்தில், கண்ணாடிப் பக்கமாகிய இடப்புறம் மட்டும் ஆழமாகச் சுருங்கித் தொய்ந்திருந்ததை 2012 இல் ஒரு மருத்துவ இதழ் படத்துடன் வெளியிட்டது. நம் சாரதிக்கு அது வலப்புறத்தில் நேரும். அவருக்கு வலக்கை முழுதையும் மூடும் கையுறையும், யூ.வி.ஏ. காப்புக் கூடிய கிறீமுமே ஏற்றவை. தொப்பியால் பெரிய பலனில்லை. கரைவலைக்காரருக்குக் கிறீமை உதட்டுக்கும் மூக்குக்கும் ஒதுக்கிவிட்டு, மிச்சப் பணத்தை ஒட்டுச்சட்டையில் போடச் சொல்வேன். உடம்பு முழுவதையும் மூடி உடுக்கும் பெண்களுக்கு முகமும் புறங்கையுமே மிச்சம். ஒரு சிறு குழாய் போதும், ஆனால் கரிய தோலும் முழு உடுப்பும் சேர்கையில் விட்டமின் டி குறையக்கூடும் என்பதால், அதை இரத்தப் பரிசோதனையில் பார்த்து வில்லையால் ஈடுசெய்வதே முகத்தை வெயிலில் காயவிடுவதைவிட நல்லது.

பாடசாலைப் பிள்ளைகளுக்காக வேறு யாரோதான் முடிவெடுக்கிறார்கள். ஆண்டின் தொடக்கத்தில் இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கான அணிநடைப் பயிற்சி பல மைதானங்களில் பத்து மணிக்குத் தொடங்கி நண்பகல்வரை போகிறது. அணிநடைச் சீருடையின் தொப்பிக்கு விளிம்பே இருப்பதில்லை. அந்தப் பயிற்சியைக் காலை ஏழரை மணிக்கு மாற்றவும், பயிற்சி நாட்களில் மட்டுமாவது விளிம்புத் தொப்பியை அனுமதிக்கவும் அதிபர் ஒருவரின் கையொப்பம் போதும். இதற்கு எந்தப் பெற்றோரும் பாமசிக்குப் போகவேண்டியதில்லை.